பேனல் இவ்வளவு மலிவாகிவிட்டது, அப்புறம் ஏன் இந்தத் துறை திணறுகிறது?

வெயில்நேசன்:
ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் ஒரு கேள்வி, தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். சோலார் மாட்யூல், அதாவது பேனல், ஒரு வாட்டுக்குப் பத்து அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பேட்டரி பேக் 2024இல் சராசரியாக ஒரு கிலோவாட் மணிக்கு 115 டாலர், முந்தின வருடத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று புளூம்பெர்க் கணக்கு. அந்த ஒரே வருடத்தில் உலகம் முழுக்க 585 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன் சேர்ந்திருக்கிறது. இதை மட்டும் படித்தால் இந்தத் துறைக்காரர்கள் எல்லாம் பணத்தில் புரள வேண்டும். செய்தியைத் திறந்தால் நேர்மாறாக இருக்கிறது. ஸ்வீடனின் பேட்டரி நிறுவனம் நார்த்வோல்ட் 2025 மார்ச்சில் திவால். டென்மார்க்கின் கடல் காற்றாலை நிறுவனம் ஓர்ஸ்டெட் அமெரிக்கக் கரையில் ஓஷன் விண்ட் திட்டங்களை 2023இலேயே கைகழுவியது, 2025இல் பிரிட்டனின் ஹார்ன்சீ 4ஐயும் நிறுத்திவிட்டு, பங்குதாரர்களிடமே மறுபடி பணம் கேட்டு நின்றது. காற்றாலை டர்பைனும் செய்கிற ஜெர்மனியின் சீமென்ஸ் எனர்ஜிக்கு 2023 நிதியாண்டில் சுமார் 460 கோடி யூரோ நஷ்டம். சரக்கு மலிவு, தேவையும் இருக்கிறது, அப்புறம் எங்கேதான் அடைப்பு?

கணக்குப்பிள்ளை:
மலிவு என்றால் வாங்குகிறவனுக்குச் சந்தோஷம், விற்கிறவனுக்கு என்ன கிடைக்கும் சொல்லுங்கள்? பேனலின் மூலப்பொருளான பாலிசிலிக்கானில் தொடங்கி மாட்யூல் வரை ஒவ்வொரு கட்டத்திலும் உலகத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில் இருக்கிறது. அங்கே ஆளாளுக்குத் தொழிற்சாலை கட்டி, வருடத்துக்கு ஆயிரம் கிகாவாட்டுக்கு மேல் மாட்யூல் செய்யலாம் என்ற நிலை வந்துவிட்டது, உலகமே சேர்ந்து வாங்கினாலும் அதில் பாதியைச் சுற்றித்தான் வரும். விளைவு, லாஞ்சி, டோங்வேய் போன்ற ஜாம்பவான்களே 2024ஐ நஷ்டத்தில் முடித்தார்கள். 2025 மே மாதக் கூத்து ஞாபகம் இருக்கிறதா? ஜூன் 1 முதல் புதுத் திட்டங்களுக்கு நிலையான விலை கிடையாது, சந்தை விலைதான் என்று சீனா விதியை மாற்றியது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் விழுந்தடித்து ஓடியதில் ஒரே மாதத்தில் 93 கிகாவாட் சோலார் நிறுவினார்கள். அடுத்த மாதம் வெறும் 14.

கடல் காற்றாலை வேறு விஷயம். எரிபொருள் செலவே கிடையாது, ஆனால் இருபத்தைந்து முப்பது வருடச் செலவில் பெரும்பகுதியை முதல் சில வருடங்களிலேயே கொட்டிவிட வேண்டும், அதுவும் பெரும்பாலும் கடனில். வட்டி சும்மா இருந்தவரை எல்லாம் இனித்தது. 2022க்குப் பிறகு வட்டியும் ஏறியது, எஃகு விலையும் ஏறியது, கையெழுத்துப் போட்ட விற்பனை விலை மட்டும் அப்படியே நின்றது. 2023 செப்டம்பரில் பிரிட்டன் நடத்திய ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட வரவில்லை. விலை உச்சவரம்பை மூன்றில் இரண்டு பங்கு ஏற்றிய பிறகுதான் அடுத்த வருடம் வந்தார்கள். காற்று மாறவில்லை, வட்டிதான் மாறியது.

400கேவி:
கணக்குப்பிள்ளை சொன்னது பாதிக் கதை. நான் டிரான்ஸ்மிஷன் பக்கம் குப்பை கொட்டுகிறவன், எங்கள் ஆட்களைக் கேட்டால் அடைப்பு எங்கே என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: கம்பி. சர்வதேச எரிசக்தி முகமை 2023இல் போட்ட அறிக்கைப்படி, கிரிட், அதாவது மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி வலை, அதில் இணைப்புக்கு வரிசையில் நின்ற திட்டங்கள் மட்டும் 3,000 கிகாவாட், அதில் பாதி திட்டமிடலில் நன்றாக முன்னேறிவிட்டவை. நாடுகள் சொன்ன இலக்கை எட்ட வேண்டுமானால் 2040க்குள் 8 கோடி கிலோமீட்டர் லைன் புதிதாகப் போடவோ மாற்றவோ வேண்டுமாம், அதாவது இன்று உலகத்தில் இருக்கும் மொத்த லைனுக்குச் சமம்!

சோலார் பூங்காவை ஒன்றிரண்டு வருடத்தில் முடித்துவிடலாம். லைன்? அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் காற்றை அரிசோனா பக்கம் கொண்டுபோகும் சன்சியா லைனுக்கு 2006இல் வேலையைத் தொடங்கினார்கள், கட்டுமானம் ஆரம்பித்தது 2023இல். பதினேழு வருடம் வெறும் அனுமதியும் வழக்கும். ஜெர்மனியில் வடக்குக் காற்றைத் தெற்குத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோக வேண்டிய சூட்லிங்க் 2022இல் முடிந்திருக்க வேண்டும், கோபுரம் வேண்டாம் என்று மக்கள் எதிர்த்ததால் 700 கிலோமீட்டரையும் மண்ணுக்கடியில் கொண்டுபோக முடிவு செய்து இப்போது 2028 என்கிறார்கள்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எங்கே? பெரிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் கிடங்கில் அடுக்கி வைத்து விற்கிற சரக்கு இல்லை. ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்கென்று தனியாக டிசைன் செய்வது. அதற்கென்றே செய்யும் சிலிக்கான் எஃகுத் தகட்டை மெல்லிசு மெல்லிசாக அடுக்கி கோர் செய்ய வேண்டும், காகிதம் சுற்றிய செப்புக் கம்பியை ஆட்கள் பக்கத்தில் நின்று சுருள் சுருளாகச் சுற்ற வேண்டும், அப்புறம் முழு உடம்பையும் வெற்றிட அடுப்பில் வைத்து நாள் கணக்கில் ஈரத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். கடைசியில் மின்னல் தாக்குவது போன்ற உயர் அழுத்தத் துடிப்பைக் கொடுத்துச் சோதிப்பார்கள், அதில் தோற்றால் பிரித்து மறுபடி ஆரம்பம். உலகத்தில் இதைச் செய்கிற தொழிற்சாலைகள் குறைவு, சுருள் சுற்றத் தெரிந்த ஆட்கள் அதைவிடக் குறைவு. இப்போது ஆர்டர் கொடுத்தால் பெரியவற்றுக்கு நான்கு வருடம் வரை ஆகிறது. பேனல் விலை பாதியாகக் குறைந்தாலும் இந்த நான்கு வருடம் குறையப் போவதில்லை.

சந்தேகப்பிராணி:
எல்லோரும் கம்பி, வட்டி என்று சுற்றி வளைக்கிறீர்கள், நேராகவே கேட்கிறேன். 2025 ஏப்ரல் 28, ஸ்பெயினும் போர்ச்சுகலும் முழுசாக இருட்டில். அந்த நேரத்தில் ஸ்பெயின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சோலார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? வெயிலை நம்பி கிரிட் நடத்த முடியாது என்று ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம்?

400கேவி:
சந்தேகம் நியாயம்தான், ஆனால் என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்த்துவிட்டுப் பேசலாம். அன்று மதியம் 12 மணிக்குப் பிறகு ஐபீரிய கிரிட்டில், அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த கிரிட்டில், வோல்டேஜும் அதிர்வெண்ணும் ஊசலாடும் அலைவுகள் இரண்டு முறை வந்தன. அதை அடக்க கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதைத்தான் செய்தார்கள், பிரான்ஸுக்குப் போகும் ஏற்றுமதியைக் குறைத்தார்கள், கழற்றி வைத்திருந்த லைன்களை மறுபடி சேர்த்தார்கள். அலைவு அடங்கியது. ஆனால் சுமை குறைந்து ஓடும் 400 கேவி (நான்கு லட்சம் வோல்ட்) லைன் சும்மா இருக்காது, அதுவே ரியாக்டிவ் பவரை உற்பத்தி செய்யத் தொடங்கும், அதாவது வேலை எதுவும் செய்யாமல் லைனில் போய்வந்துகொண்டிருக்கும், ஆனால் வோல்டேஜை ஏற்றி இறக்கும் சக்தி. யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் பைப்பில் அழுத்தம் ஏறுகிற மாதிரி வோல்டேஜ் ஏற ஆரம்பித்தது.

ஏறுகிற வோல்டேஜை இழுத்துப் பிடிக்க வேண்டியது பெரிய சுழலும் ஜெனரேட்டர்கள். அந்த வேலைக்கென்று பத்து நிலையங்கள் திட்டமிட்டிருந்தார்கள், ஒன்று முந்தின நாள் மாலையே கையை விரித்துவிட்டது, அதற்குப் பதில் இன்னொன்றைப் போடவில்லை. ஓடியவற்றிலும் பல, உறிஞ்ச வேண்டிய அளவு ரியாக்டிவ் பவரை உறிஞ்சவில்லை என்று ஸ்பெயின் அரசே ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அவை சூரியசக்தி நிலையங்கள் இல்லை, நீங்கள் நம்பச் சொல்கிற பழைய ரகங்கள்.

சோலாருக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. அன்றைய ஸ்பெயின் விதிப்படி சோலாரும் காற்றாலையும் ஒரு நிலையான பவர் ஃபேக்டரில், அதாவது ரியாக்டிவ் பவரை ஒரே விகிதத்தில் வைத்துக்கொண்டு, ஓட வேண்டும், அவ்வளவுதான், வோல்டேஜ் எங்கே போனாலும் அவை கண்டுகொள்ள வேண்டியதில்லை. பேனலின் மின்சாரத்தை கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கு வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் திறமை இருக்கிறது, அதைப் பயன்படுத்த அன்று விதியும் இல்லை, காசும் இல்லை. 12:32 கடைசியில் கிரனாடா பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆனது, அதைத் தொடர்ந்து படஹோஸ், செவில்யா. ஒரு நிலையம் கழலும்போது அது உறிஞ்சிக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்சமும் போய்விடும், மீதி இடங்களில் வோல்டேஜ் இன்னும் ஏறும், அது அடுத்ததைக் கழற்றிவிடும். அரை நிமிடத்துக்குள் இரண்டு நாடும் காலி. வோல்டேஜ் ஏறி இப்படி ஒரு தொடர் சரிவு ஐரோப்பாவில் இதற்கு முன் பதிவானதே இல்லை என்று ஐரோப்பிய கிரிட் ஆபரேட்டர்களின் கூட்டமைப்பு சொல்கிறது.

ஆகவே இது வெயிலின் குற்றம் இல்லை, எழுதி வைத்த விதியின் குற்றம். அதே ஜூனில் அங்கே விதியை மாற்றினார்கள், இனி சோலாரும் வோல்டேஜ் பிடிக்கும் வேலைக்கு வரலாம். இந்த மாற்றம் பல வருடங்களாக மேசையிலேயே கிடந்தது என்பதுதான் எரிச்சல்.

சந்தேகப்பிராணி:
விளக்கத்துக்கு நன்றி, இவ்வளவு விவரம் எந்தச் செய்தியிலும் படிக்கவில்லை. ஆனாலும் விட மாட்டேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஸ்பெயினில் பாதுகாப்புக்காக கேஸ் நிலையங்களை முன்பைவிட அதிகமாக ஓட விடுகிறார்கள், அந்தச் செலவு பில்லில்தான் ஏறுகிறது. சோலார் மலிவு மலிவு என்று சொல்கிறவர்கள் இந்தச் செலவைச் சேர்த்துத்தான் சொல்கிறார்களா?

கணக்குப்பிள்ளை:
இல்லை. இந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

புதுமாணவி:
மின்னியல் கடைசி வருடம் படிக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள், அடிப்படைக் கேள்வி. கிரிட் ஃபார்மிங் இன்வெர்ட்டர் என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. சாதாரண இன்வெர்ட்டருக்கும் அதற்கும் வித்தியாசம் வன்பொருளிலா, மென்பொருளிலா? வகுப்பில் கேட்டால் ஸ்லைடைக் காட்டுகிறார்கள்.

இன்வெர்ட்டர்வைத்தியர்:
நல்ல கேள்வி தங்கச்சி. சாதாரண இன்வெர்ட்டர் கிரிட்டில் ஏற்கெனவே இருக்கும் வோல்டேஜ் அலையை அளந்து, அதோடு ஒத்துப்போய், இவ்வளவு கரண்ட் என்று உள்ளே தள்ளும். பின்பற்ற அலை இல்லையென்றால் அதற்குத் திசை தெரியாது, நின்றுவிடும். கிரிட் ஃபார்மிங் என்றால் அலையைத் தானே உருவாக்கும், சுழலும் ஜெனரேட்டர் நடந்துகொள்வதைக் கணக்கு போட்டு நகலெடுக்கும். முக்கால்வாசி வித்தியாசம் கட்டுப்பாட்டு மென்பொருளில்தான். ஆனால் பழுது வரும் நேரத்தில் அதிக கரண்ட் தர வேண்டுமானால் உள்ளே இருக்கும் செமிகண்டக்டர் அதைத் தாங்க வேண்டும், பின்னால் எடுத்துக் கொடுக்கச் சக்தியும் இருக்க வேண்டும். அதனால்தான் இது முதலில் பேட்டரிகளில் வருகிறது, பேனலின் பின்னால் சேமிப்பு கிடையாதே.

ஆஸ்திரேலியாவைப் படியுங்கள், உங்கள் புராஜெக்ட்டுக்கே உதவும். 2016 செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டது. புயல் கோபுரங்களைச் சாய்த்தது, அது கண்ணுக்குத் தெரிந்த காரணம். தெரியாத காரணம், அடுத்தடுத்து சில முறை வோல்டேஜ் இறங்கினால் கழன்றுவிட வேண்டும் என்று காற்றாலைகளின் உள்ளே ஒரு செட்டிங் இருந்தது, அது கிரிட் ஆபரேட்டருக்கே தெரியாது. மேலே ஸ்பெயின் கதையைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த வருடமே அங்கே ஹார்ன்ஸ்டேல் பேட்டரி வந்தது, 100 மெகாவாட், அப்போது உலகத்திலேயே பெரியது. 2021இல் நான்கு சிங்க்ரோனஸ் கண்டென்சர் வைத்தார்கள், அதாவது எரிபொருள் இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டு வோல்டேஜையும் நிலைமத்தையும் பார்த்துக்கொள்ளும் இயந்திரம். 2022இல் ஹார்ன்ஸ்டேலும் கிரிட் ஃபார்மிங் முறைக்கு மாறியது. இன்று அதே மாநிலம் வருட மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்றிலும் வெயிலிலும் ஓட்டுகிறது. இருட்டில் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

வெயில்நேசன்:
பேட்டரி என்றதும் இன்னொன்று கேட்கணும். 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பேட்டரி நிலையம் எரிந்ததே, அதைக் காட்டியே பல ஊர்களில் புது நிலையங்களை எதிர்க்கிறார்கள். பயப்பட வேண்டியதுதானா?

இன்வெர்ட்டர்வைத்தியர்:
அந்த டிசைனுக்குப் பயப்பட வேண்டியதுதான். அது நிக்கல் மாங்கனீசு கோபால்ட் ரகம், அதுவும் பழைய மின்நிலையத்தின் டர்பைன் கூடத்துக்குள் ஒரே கூரையின் கீழே அடுக்கி வைத்தது. ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பது தப்பிக்க வழியில்லை. இப்போது வைப்பதில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பாஸ்பேட், திறந்தவெளியில் தனித்தனி கண்டெய்னர், நடுவில் இடைவெளி. அதுவும் எரியாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பெரும்பாலும் ஒரு கண்டெய்னரோடு நிற்கும். தீயணைப்புத் துறையை முதலிலேயே கூப்பிட்டுக் காட்டாமல் கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் போகிற நிறுவனங்கள்தான் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொள்கின்றன.

கணக்குப்பிள்ளை:
மறுபடி காசுக்கே வருகிறேன், ஏனென்றால் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. சோலார் அதிகமாக அதிகமாக, சோலார்காரனின் வருமானம் குறையும். எல்லாப் பேனலும் ஒரே மதியத்தில் உற்பத்தி செய்கின்றன, அப்போது விலை படுத்துவிடும். ஜெர்மனியில் 2024இல் 457 மணி நேரம் மின்சார விலை பூஜ்யத்துக்குக் கீழே, அதாவது எடுத்துக்கொள்கிறவனுக்கு நாம் பணம் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியா அதே வருடம் சோலாரும் காற்றுமாக 34 லட்சம் மெகாவாட் மணி உற்பத்தியை வேண்டாம் என்று நிறுத்தி வைத்தது. வங்கிக்காரன் இதைப் பார்த்துவிட்டு, மதிய மின்சாரத்தை மட்டும் விற்கிற திட்டத்துக்குக் கடன் தர யோசிக்கிறான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் யோசிப்பேன்.

இன்னொரு கூத்து பாகிஸ்தான். 2024இல் மட்டும் 17 கிகாவாட் பேனல் இறக்குமதி, அரசாங்கத் திட்டம் எதுவும் பெரிதாக இல்லை, கிரிட் மின்சாரம் தாங்க முடியாத விலைக்குப் போனதால் மக்களும் ஆலைகளும் தாங்களாகவே வாங்கிக் கூரையில் போட்டுக்கொண்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பழைய அனல் நிலையங்களுக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுக்க வேண்டிய தொகை அப்படியே இருக்கிறது. வசதி உள்ளவன் கிரிட்டை விட்டுப் போகப் போக, அந்தத் தொகை பேனல் வாங்க முடியாதவன் தலையில் ஏறும், பில் ஏறும், இன்னும் நான்கு பேர் கிளம்புவார்கள். இதற்கு எந்த நாட்டிடமும் ஒழுங்கான விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, பாகிஸ்தானில் முதலில் தெரிகிறது அவ்வளவுதான்.

கடற்காற்று:
அரசியலை விட்டுவிட்டீர்களே. ரோட் ஐலண்ட் கடலில் ரெவல்யூஷன் விண்ட், 80 சதவீத வேலை முடிந்த திட்டம், 2025 ஆகஸ்ட் 22 அன்று அமெரிக்க அரசு ஒரு கடிதத்தில் வேலையை நிறுத்தச் சொன்னது. ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் தடையை விலக்கியது. அந்த ஒரு மாதமும் வாடகைக் கப்பல்கள் சும்மா நிற்கும், காசு மட்டும் ஓடும். அதற்கு முன்பே 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான அமெரிக்கச் சட்டத்தில், காற்று, சோலார் திட்டங்கள் 2026 ஜூலை 4க்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும், இல்லையென்றால் 2027 முடிவுக்குள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும், தவறினால் வரிச்சலுகை இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஆதரவு இல்லை என்றாலும் பரவாயில்லை, இருபது வருடக் கணக்கு போட்டு இறங்குகிற தொழிலில் நாலு வருடத்துக்கு ஒருமுறை விதியைப் புரட்டிப் போட்டால் யார் முதலீடு செய்வார்?

சீனா பக்கமும் சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. கடல் காற்றாலையின் பெரிய நிரந்தரக் காந்தங்கள் வெப்பத்தில் காந்தத்தன்மை இழக்காமல் இருக்க இவை கொஞ்சம் சேர வேண்டும். கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் ஜெனரேட்டர் வெளியே போகாது.

சொந்தக் குறையையும் மறைக்க வேண்டாம். வருடா வருடம் இன்னும் பெரிய டர்பைன் என்று போட்டி போட்டதில் ஒரு மாடல் நிலைபெறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. 2024 ஜூலையில் அமெரிக்காவின் வின்யார்டு விண்ட் கடல் காற்றாலையில் ஒரு பிளேடு உடைந்து துண்டுகள் நான்டக்கெட் தீவின் கடற்கரையில் ஒதுங்கின, தயாரிப்பில் ஒட்டுதல் சரியில்லை என்றது அதைச் செய்த நிறுவனம். நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பிளேடு. அந்தப் படங்கள் எதிர்ப்பாளர்களுக்கு அல்வா.

புதுமாணவி:
ஹைட்ரஜன் பற்றி யாருமே பேசவில்லையே?

400கேவி:
பேசினால் சண்டை வரும். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போடுகிறோம், திரும்பக் கிடைக்கும் சக்தி 33 யூனிட், அதை மறுபடி மின்சாரமாக மாற்றினால் அதிலும் பாதி போச்சு. உரத்துக்கும் எஃகுக்கும் வேறு வழி குறைவு என்பதால் அங்கே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எஃகுக்காரர்களே தயங்குகிறார்கள், ஆர்செலர்மித்தல் 2025 ஜூனில் ஜெர்மனியில் நூறு கோடி யூரோவுக்கு மேல் மானியம் தருகிறோம் என்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மின்சார விலை கட்டுப்படியாகவில்லை என்பதுதான் காரணம். உலகம் வருடத்துக்குச் சுமார் 10 கோடி டன் ஹைட்ரஜன் பயன்படுத்துகிறது, அதில் சுத்தமானது ஒரு சதவீதம்கூட இல்லை. முதலில் அதை மாற்றட்டும், கார் கதையெல்லாம் அப்புறம்.

சந்தேகப்பிராணி:
கடைசியாக ஒன்று, இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள், நான் போய்விடுகிறேன். நான்கு மணி நேர பேட்டரி மாலையைச் சமாளிக்கும், ஒப்புக்கொள்கிறேன், கலிஃபோர்னியா 15 கிகாவாட்டுக்கு மேல் வைத்து அதைச் செய்து காட்டிவிட்டது. ஆனால் வடக்கு ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நாள் கணக்கில் வெயிலும் இல்லை காற்றும் இல்லை. 2024 டிசம்பர் 12 மாலை ஜெர்மனியில் ஒரு மெகாவாட் மணி 936 யூரோ வரை போனது. தெற்கு நார்வேயில் நீர்மின்சாரம் நிறைய இருந்தும், கேபிள் வழியாக அந்த விலை அங்கேயும் தொற்றிக்கொண்டு, டென்மார்க்குக்குப் போகும் பழைய கேபிளைப் புதுப்பிக்கவே வேண்டாம் என்று அரசியல்வாதிகள் கத்துகிறார்கள். இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

400கேவி:
போக வேண்டாம், இருங்கள், இந்த இழையில் கேட்டதிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். இப்போதைக்கு கேஸ். வருடத்தில் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடும் கேஸ் நிலையத்தை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஓடாத நேரத்துக்கும் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதோடு கேபிள் அதிகமாக வேண்டும், ஒரு நாட்டில் காற்று நின்றால் எல்லா நாட்டிலும் நிற்பதில்லை, ஆனால் நார்வேக்காரர்களின் கோபத்தைப் பார்த்தால் அது எஞ்சினியர்கள் தீர்க்கிற விஷயம் இல்லை. கேபிளால் வரும் லாபம் ஒருவருக்கும் விலையேற்றம் இன்னொருவருக்கும் போனால் எந்த ஊரிலும் இப்படித்தான் கத்துவார்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த கேஸ் நிலையத்துக்கே இப்போது டர்பைன் கிடைப்பதில்லை தெரியுமா? டேட்டா சென்டர்காரர்கள் முந்திக்கொண்டு புக் செய்து வைத்திருக்கிறார்கள், இப்போது ஆர்டர் கொடுத்தால் இந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் வரும் என்கிறார்கள். ஆகவே சந்தேகப்பிராணி சார், உங்கள் கட்சி ஆட்களும் எங்களோடு சேர்ந்து அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.